ஏப்ரல் 9 எப்படி செப்டம்பர் 4 ஆனது?

கேள்வி: வணக்கம் சார். சிங்கப்பூரின் துவாஸில் கப்பல் பழுதுபார்க்கும் துணைக் குத்தகை நிறுவனம் ஒன்றில் மனிதவளப் பிரிவு எழுத்தராக இருக்கிறேன். எங்களிடம் 180-க்கும் மேற்பட்ட வெளிநாட்டு ஊழியர்கள். மாதம் ஒருமுறை ஊழியர் விவர மென்பொருளிலிருந்து சிஎஸ்வி கோப்பை (தகவல்கள் காற்புள்ளியால் பிரிந்த வெறும் எழுத்துக் கோப்பு) இறக்கி எக்செல் மேக்ரோவை (எக்செல் தானே செய்யும்படி எழுதி வைத்த கட்டளைத் தொகுப்பு) ஓட்டுவேன். அடுத்த 60 நாளில் யாருடைய வேலை அனுமதிச் சீட்டு காலாவதியாகிறது என்று பட்டியல் வரும். மேக்ரோவை எழுதியவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

மார்ச் மாதத்தில் ஓர் ஊழியர் கைபேசிச் செயலியைக் காட்டி, "அக்கா, எனக்கு ஏப்ரல் 9-ஓட முடியுதே, இன்னும் புதுப்பிக்கலையா?" என்று கேட்டார். பட்டியலில் அவர் பெயரே இல்லை. மேக்ரோ திறந்த தாளில் அவருடைய தேதி 4 செப்டம்பர் 2025 என்றிருந்தது. அதே கோப்பை நானே சொடுக்கித் திறந்தால் 9 ஏப்ரல் என்று சரியாகக் காட்டுகிறது. வேறு பலருடைய தேதிகள் கட்டத்தின் இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, பட்டியலுக்கு வருவதே இல்லை.

ஓர் உண்மையையும் சொல்லிவிடுகிறேன். போன டிசம்பர் வரை இது சரியாக ஓடியது. ஜனவரியில் மேக்ரோவைப் படித்துப் பார்த்து, தேவையில்லை என்று தோன்றிய ஏழெட்டு வரிகளை அழித்தேன். பழைய பிரதியையும் இப்போதைய பிரதியையும் அனுப்பியிருக்கிறேன். தப்பு என்னுடையதுதானா? மேலாளரிடம் சொல்ல வேண்டுமா?

பதில்: மேக்ரோவைப் பற்றிப் பிறகு பேசுவோம். இதைப் படித்ததும் முதல் வேலையாக மென்பொருளிலிருந்து புதிய சிஎஸ்வி ஒன்றை இறக்குங்கள். நீங்களே சொடுக்கித் திறந்து, காலாவதித் தேதிப் பத்தியை வரிசைப்படுத்தி, அடுத்த மூன்று மாதத்துக்குள் வருபவர்களின் பெயர்களைக் கையால் எடுத்து வையுங்கள். அந்தப் பெயர்களை மனிதவள அமைச்சின் இணையச் சேவையில் உள்ள தேதியோடு ஒருமுறை ஒத்துப் பாருங்கள். செல்லுபடியாகும் சீட்டு இல்லாதவரை ஒரு நாள் வேலைக்கு அனுப்பினாலும் சட்டப்படி குற்றம். அதனால் பட்டியல் இன்றைக்கே வேண்டும். மேக்ரோ நாளைக்குச் சரியானால் போதும். கோப்பை மூடும்போது 'சேமிக்கவா' என்று எக்செல் கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள், காரணம் பின்னால் வருகிறது.

இனி, நடந்தது என்ன என்று பார்ப்போம்.

எக்செல் கட்டத்துக்குள் தேதி என்று ஒரு பொருள் கிடையாது, எண்தான் இருக்கிறது. 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என்று வைத்து நாளுக்கு ஒன்றாகக் கூட்டிக்கொண்டே வருகிறது. அந்தக் கணக்கில் 2025 ஏப்ரல் 9 என்பது 45756, செப்டம்பர் 4 என்பது 45904. நாம் பார்க்கும் '09/04/2025' அந்த எண்ணுக்குப் போட்டுவிட்ட சட்டை. (இந்த வரிசையில் 60 என்ற எண் 1900 பிப்ரவரி 29-க்கு உரியது. அப்படி ஒரு நாள் நாள்காட்டியில் இருந்ததே இல்லை. பழைய லோட்டஸ் 1-2-3 மென்பொருளில் இருந்த தவறை, அதன் கோப்புகளோடு ஒத்துப்போவதற்காக எக்செல் தெரிந்தே ஏற்றுக்கொண்டது. நமக்கு அதனால் தொந்தரவு இல்லை.)

எண்ணாக இருக்கும்வரை தேதிக்கு ஆபத்தில்லை. எழுத்து எண்ணாக மாறும் இடத்தில்தான் விபத்து நடக்கிறது. சிஎஸ்வி கோப்பில் இருப்பது வெறும் எழுத்து, '09/04/2025' என்ற பத்துக் குறிகள். நீங்கள் சொடுக்கித் திறக்கும்போது எக்செல் விண்டோஸின் வட்டார அமைப்பைப் (எந்த நாட்டு வழக்கப்படி தேதியை எழுதுவது என்ற அமைப்பு) பார்க்கிறது. அங்கே சிங்கப்பூர் என்றிருப்பதால் நாள் முதலில், மாதம் அடுத்து என்று படிக்கிறது. அதே கோப்பை மேக்ரோ திறக்கும்போது வட்டார அமைப்பை அது சட்டை செய்வதில்லை. மேக்ரோக்களை எழுதும் விபிஏ மொழியின் இயல்பு அமெரிக்க ஆங்கிலம், அதற்கு மாதம்தான் முதலில். ஆகவே ஒன்பதாம் மாதம், நான்காம் நாள். மேக்ரோ எந்தப் பிழைச் செய்தியும் காட்டாது. அதன் கணக்கில் அது செய்தது சரி.

25/04/2025 என்றிருந்தால்? இருபத்தைந்தாம் மாதம் கிடையாது. எக்செல் கைவிரித்துவிட்டு, எழுத்தை எழுத்தாகவே கட்டத்தில் போட்டுவிடுகிறது. எழுத்து இடது ஓரத்தில் நிற்கும், எண் வலது ஓரத்தில் நிற்கும். இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன என்று நீங்கள் எழுதியவை இவைதான். உங்கள் மேக்ரோ பக்கத்துப் பத்தியில் 'இன்றைய தேதியோடு 60 கூட்டியதைவிடக் குறைவா' என்று ஒரு சூத்திரத்தை எழுதுகிறது. எக்செல் தாளில் ஒப்பிடும்போது எந்த எழுத்தும் எந்த எண்ணையும் விடப் பெரியது. அதனால் அந்த ஊழியர்கள் ஒருநாளும் பட்டியலுக்குள் வரப்போவதில்லை.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதத்துக்கு முதல் 12 நாள், 12 மாதம்: 144 தேதிகள் புரளக்கூடியவை, அதாவது நாளும் மாதமும் இடம் மாறக்கூடியவை. அவற்றில் 1/1, 2/2, 3/3 என்று நாளும் மாதமும் ஒன்றாக இருக்கும் 12 தேதிகளைப் புரட்டினாலும் ஒன்றுதான். மீதி 132 சத்தமில்லாமல் தப்பாகும். எஞ்சிய 221 நாளும் எழுத்தாக நிற்கும். ஆக, ஜனவரியிலிருந்து உங்கள் மேக்ரோ ஆண்டின் 365 நாளில் சரியாகப் படித்தது வெறும் 12 நாளைத்தான்.

அப்படியானால் ஜனவரியிலேயே ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். பட்டியல் காலியாக வந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். காலியாக வரவில்லை, வேறு ஆட்களை வைத்து நிரம்பி வந்தது. நவம்பர் 4-ல் முடிகிற சீட்டு 04/11 என்று கோப்பில் இருக்கும். மேக்ரோவுக்கு அது ஏப்ரல் 11, மார்ச் மாதப் பட்டியலில் வந்து உட்கார்ந்துவிடும். வரவேண்டியவர் வராமல், வரவேண்டாதவர் வந்து, எண்ணிக்கை ஏறக்குறைய வழக்கம்போல் இருந்திருக்கும். எனவே ஜனவரியிலிருந்து எடுத்த பட்டியல் எதையும் நம்ப வேண்டாம்.

இப்போது நீங்கள் அழித்த வரிகளுக்கு வருகிறேன். பழைய பிரதியை இரண்டு தடவை படித்தேன். சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. நீங்கள் அழித்த வரிகள் ஒரு சுழல், அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளைகள். அந்தச் சுழல் ஒவ்வொரு கட்டமாகப் போய் இரண்டு வேலை செய்கிறது. கட்டத்தில் எழுத்து இருந்தால் சிடேட் கட்டளையால் தேதியாக்குகிறது. ஏற்கெனவே தேதியாக இருந்தால், ஃபார்மட் கட்டளையால் நாள்/மாதம்/ஆண்டு என்ற எழுத்தாக்கி, அதே கட்டத்தில் திரும்ப எழுதுகிறது. படிக்கிறவருக்கு இது வெட்டி வேலை மாதிரிதான் தெரியும். தேதியை எடுத்துத் தேதியாகவே திரும்ப எழுதுவானேன்?

ஆனால் ஃபார்மட் கட்டளை தருவது தேதி இல்லை, எழுத்து. விபிஏ ஓர் எழுத்துச் சரத்தைக் கட்டத்தில் எழுதும்போது எக்செல் அதை மறுபடியும் அமெரிக்க முறையில் படிக்கிறது. திறக்கும்போது ஏப்ரல் 9 செப்டம்பர் 4 ஆனது. அதை '04/09/2025' என்று எழுதிக் கொடுத்ததும், நான்காம் மாதம் ஒன்பதாம் நாள் என்று படித்து ஏப்ரல் 9-க்கே திரும்பிவிட்டது. முதல் தப்பை இரண்டாம் தப்பு அடித்துச் சரியாக்கிவிட்டது. எழுதியவருக்கே இது தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். எதையோ மாற்றி மாற்றிப் பார்த்து, சரியாக வந்ததும் அப்படியே விட்டிருப்பார். நீங்கள் ஒரு தப்பை நீக்கினீர்கள், இன்னொன்று தனியாக நின்றுவிட்டது.

அந்த வரிகளைத் திரும்ப ஒட்டிவிட்டால் போதாதா? இன்று இரவு அவசரத்துக்கு ஒட்டிக்கொள்ளுங்கள், நான் தடுக்கவில்லை. நிரந்தரமாக வேண்டாம். யாராவது அந்தச் சுழலை ஒரே தாளில் இரண்டு தடவை ஓட்டினால் சரியான தேதிகள் மறுபடி புரளும். மென்பொருள்காரர்கள் நாளைக்கு ஏற்றுமதியை 2025-04-09 என்று மாற்றினால், எக்செல் அதைச் சரியாகப் படிக்கும், சுழல் கெடுக்கும். இதுபோன்ற தற்செயல் சமநிலையை ஒரு நிறுவனத்தின் சீட்டுக் கணக்குக்கு ஆதாரமாக வைக்க எனக்கு மனம் ஒப்பவில்லை.

சரியான வழி, கோப்பு உள்ளே வரும் வாசலிலேயே தேதியின் வரிசையைச் சொல்லிவிடுவது. கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன், தட்டும்போது ஆங்கிலத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

சின்ன வைத்தியம்: மேக்ரோவில் வொர்க்புக்ஸ்.ஓப்பன் என்ற வரியின் கடைசியில் ஒரு காற்புள்ளி போட்டு லோக்கல்:=ட்ரூ என்று சேர்ப்பது. உடனே மேக்ரோவும் உங்கள் விண்டோஸ் வட்டார அமைப்பின்படி படிக்கத் தொடங்கும். ஒரே சொல், முக்கால்வாசிப் பேருக்கு இதுவே போதும். ஆனால் உங்கள் கணினி சிங்கப்பூர் அமைப்பில் இருக்கும்வரைதான் இது செல்லும். புதிதாக வாங்கிய மடிக்கணினிகள் சில அமெரிக்க அமைப்போடே மேசைக்கு வந்து சேர்கின்றன, யாரும் மாற்றுவதில்லை. நீங்கள் விடுப்பில் போகும்போது அப்படியொரு கணினியில் இன்னொருவர் இதை ஓட்டினால் கதை முதலிலிருந்து தொடங்கும்.

அதனால் நான் பெரிய வைத்தியத்தையே சொல்வேன். வொர்க்புக்ஸ்.ஓப்பன்டெக்ஸ்ட் என்ற கட்டளையைப் பயன்படுத்துங்கள். அதில் ஃபீல்ட்இன்ஃபோ என்று ஓர் இடம் உண்டு, எந்தப் பத்தியை எப்படிப் படிக்க வேண்டும் என்று சொல்லும் இடம். உங்கள் காலாவதித் தேதி ஆறாவது பத்தியில் இருப்பதால் அர்ரே(அர்ரே(6, 4)) என்று கொடுங்கள். அந்த 4 என்பதற்கு நாள்-மாதம்-ஆண்டு என்று பொருள். 3 என்றால் மாதம்-நாள்-ஆண்டு, 5 என்றால் ஆண்டு-மாதம்-நாள், 2 என்றால் தொடாமல் எழுத்தாகவே விடு. இப்படிச் சொல்லிவிட்டால் கணினி அமெரிக்க அமைப்பில் இருந்தாலும் ஒன்றுதான்.

இதில் ஒரு பொறி இருக்கிறது, நானே அரை நாள் மாட்டிக்கொண்டு முழித்த பொறி. கோப்பின் பெயர் .சிஎஸ்வி என்று முடிந்தால் எக்செல் இந்த ஃபீல்ட்இன்ஃபோவைக் கண்டுகொள்வதே இல்லை. எல்லாம் சரியாக எழுதியும் தேதி புரளும், எழுதியவர் தன்னையே சந்தேகப்படத் தொடங்குவார். மேக்ரோவின் முதல் வரியிலேயே ஃபைல்காப்பி கட்டளையால் அதே கோப்பை .டிஎக்ஸ்டி என்று முடியும் பெயரில் ஒரு பிரதி எடுத்து, அந்தப் பிரதியைத் திறக்கச் சொல்லுங்கள். பிரிப்பான் காற்புள்ளி என்பதைக் குறிக்க காமா:=ட்ரூ சேர்க்க மறக்காதீர்கள். மேக்ரோவே வேண்டாம் என்று நினைத்தால், எக்செல்லுக்குள்ளேயே தகவலை இறக்கிச் சீராக்கும் பவர் குவெரி என்ற வசதி இருக்கிறது. அதில் பத்தியின் வகையை மாற்றும்போது 'வட்டாரத்தின்படி' என்ற தெரிவை எடுத்து, ஆங்கிலம்–சிங்கப்பூர் என்று சொன்னால் அதே பலன்.

கோப்பு சரியாக உள்ளே வந்தபின் ஒரே விதிதான்: தேதியைத் திரும்ப எழுத்தாக்கிக் கட்டத்தில் எழுதாதீர்கள். தோற்றம் மாற வேண்டுமென்றால் ஃபார்மட் கட்டளை வேண்டாம், கட்டத்தின் நம்பர்ஃபார்மட்டை மாற்றுங்கள். அது சட்டையை மட்டும் மாற்றும், உள்ளே இருக்கும் எண்ணைத் தொடாது. அந்தச் சட்டையும் 'டிடி-எம்எம்எம்-ஒய்ஒய்ஒய்ஒய்' என்று மாதத்தின் பெயர் தெரிகிற மாதிரி இருக்கட்டும். '09-ஏப்-2025' என்பதை எந்த நாட்டுக்காரரும் தப்பாகப் படிக்க முடியாது. மேலாளரின் மேசைக்குப் போகும் எந்தத் தாளிலும் மாதத்தை எண்ணால் எழுதுவதை நான் விட்டுப் பல காலமாகிறது.

உங்கள் மேக்ரோவின் கடைசிப் பகுதி, நீங்கள் தட்டும் தொடக்கத் தேதியை வாங்கி அதன்படி வடிகட்டுகிறது. அங்கேயும் இதே நோய். ஆட்டோஃபில்டருக்குத் தேதியை எழுத்தாகக் கொடுத்தால் அதுவும் அமெரிக்க முறையில்தான் படிக்கும். தேதியை சிஎல்என்ஜி கட்டளையால் எண்ணாக்கி, ">=" குறியோடு ஒட்டிக் கொடுங்கள். தட்டி வாங்கும் தேதிக்கு சிடேட்டை நம்ப வேண்டாம். அது வட்டார அமைப்பைப் பார்க்கிறது, பார்த்தது பொருந்தவில்லை என்றால் கேட்காமலே நாளையும் மாதத்தையும் மாற்றிப் போட்டுப் பார்க்கிறது. 04/25/2025 என்று தட்டினால் முறைப்படி பிழை சொல்ல வேண்டும், சொல்லாது, ஏப்ரல் 25 என்று எடுத்துக்கொண்டு போய்விடும். நாள், மாதம், ஆண்டு மூன்றையும் தனித்தனியாக வாங்கி டேட்சீரியல் கட்டளைக்குக் கொடுப்பது மேல். அதிலும் மாதம் 1 முதல் 12-க்குள் இருக்கிறதா என்று முன்பே சோதியுங்கள். பதின்மூன்றாம் மாதம் என்று கொடுத்தால் டேட்சீரியல் அடுத்த ஆண்டின் ஜனவரிக்கு நகர்ந்துவிடும். பிப்ரவரி 31 என்றால் மார்ச்சுக்குப் போய்விடும்.

மேக்ரோ வரிகளுக்குள் # குறிகளுக்கு நடுவே தேதி எழுதியிருந்தால் அது எப்போதும் மாதம் முதல் என்பதையும் நினைவில் வையுங்கள். அதை மாற்ற எந்த அமைப்பும் இல்லை.

சரிசெய்த பிறகு சோதனை. தேதிப் பத்தியின் தலைப்பை விட்டுவிட்டு, எத்தனை கட்டத்தில் ஏதாவது இருக்கிறது, எத்தனை கட்டத்தில் எண் இருக்கிறது என்று கவுன்ட்ஏ, கவுன்ட் இரண்டையும் போட்டு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் எழுத்தாக நிற்கும் தேதி எதுவும் இல்லை. புரண்டது இருக்கிறதா என்பதை இது சொல்லாது. அதற்கு மூலக் கோப்பிலிருந்து சில ஊழியர்களைத் தேர்ந்து கண்ணால் ஒப்பிட வேண்டும். நாள் 12-க்குள் இருப்பவர்களை எடுங்கள். நாளும் மாதமும் ஒன்றாக இருப்பவரை எடுக்காதீர்கள், 4/4 எந்தச் சோதனையிலும் தேறிவிடும். அந்த ஏப்ரல் 9 தம்பியையே முதல் ஆளாக வையுங்கள்.

ஜனவரி முதல் சேமித்த பட்டியல்களைச் சூத்திரம் போட்டுத் திருத்த நினைக்காதீர்கள். எது புரண்டது, எது இயல்பாகவே சரி என்று தாளைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. மூல சிஎஸ்வியிலிருந்து புதிதாக எடுப்பதே வழி. அந்தக் கோப்புகளை மேக்ரோவோ மற்றவரோ திறந்து சேமித்திருந்தால் மூலமே கெட்டிருக்கும், அதனால்தான் சேமிக்க வேண்டாம் என்று முதலிலேயே சொன்னேன். சந்தேகமாக இருந்தால் மென்பொருளிலிருந்து மறுபடி இறக்குங்கள்.

இன்னொரு பத்தியையும் பாருங்கள்: பிறந்த தேதி. உங்கள் நிறுவனத்தில் சிங்கப்பூரர்களும் நிரந்தரவாசிகளும் இருப்பார்கள். மத்திய சேம நிதிச் சந்தா விகிதம் 55 வயதைத் தாண்டியதும் குறைகிறது, பிறந்தநாள் வரும் மாதத்துக்கு அடுத்த மாத முதல் தேதியிலிருந்து. 05/11/1970-ல் பிறந்தவர் மே 11 என்று புரண்டால் ஆறு மாதம் முன்பாகவே அவருடைய சந்தா குறைந்துவிடும். சம்பளப் பிரிவு அதே மேக்ரோ தாளிலிருந்து பிறந்த தேதியை எடுக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

தப்பு உங்களுடையதா என்று கேட்டீர்கள். பாதிதான். பழைய பிரதியை வைத்துக்கொண்டுதான் அழித்திருக்கிறீர்கள், அதனால்தான் இந்தப் பதிலை எழுத முடிந்தது. அழித்துவிட்டு மூலத்தோடு ஒப்பிடாமல் விட்டது உங்கள் பங்கு. இப்படி ஒரு சுழலை எழுதிவிட்டு, ஏன் எழுதினேன் என்று ஒரு குறிப்பு வரிகூட வைக்காமல் போனது அவர் பங்கு. நானும் இதைவிடப் பெரிதாகச் சறுக்கியவன். கணக்குப் பிரிவில் இருந்தபோது, பொருள் சேவை வரிக் கணக்கில் ஜனவரி 5-ஆம் தேதி விலைப்பட்டியல்கள் எல்லாம் மே 1-க்குப் போய்விட்டன. ஆண்டு மாறாததால் வரி விகிதம் இடிக்கவில்லை, காலாண்டு மட்டும் மாறிவிட்டது. படிவம் போன பிறகுதான் கண்டுபிடித்தேன்.

மேலாளரிடம் இன்றே சொல்லுங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள். கையால் எடுத்த மூன்று மாதப் பட்டியல், ஜனவரி முதல் விடுபட்டவர்களின் பெயர்கள், அவர்களில் யாருடைய சீட்டாவது ஏற்கெனவே முடிந்திருக்கிறதா என்ற பதில், இந்த மூன்றும் ஒரே தாளில் இருக்கட்டும். முடிந்தவர் ஒருவராவது இருந்தால், அவரை நாளைக் காலை தளத்துக்கு அனுப்ப வேண்டாம் என்று மேற்பார்வையாளருக்குத் தகவல் சொன்ன பிறகே மேலாளரின் அறைக்குள் போங்கள்.